குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? முதலில் நீரிழப்பைக் கவனியுங்கள்

வயிற்றுப்போக்குடன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் கேட்கும் முதல் வினா பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "டாக்டர், இது எப்போது நிற்கும்?" நாங்கள் அவர்களிடம் கேட்கும் முதல் வினா வேறு: "குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது?"

பெற்றோரின் கவலை வெளியே போவதைப் பற்றியது. எங்கள் கவலை உள்ளே எஞ்சியிருப்பதைப் பற்றியது. வயிற்றுப்போக்கால் இறக்கும் குழந்தைகளுள் பெரும்பாலோர் கிருமியால் நேரடியாக இறப்பதில்லை. உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறி, அவை உரிய நேரத்தில் ஈடு செய்யப்படாமையால் இறக்கின்றனர். அந்த ஈடு செய்தலை மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே, வீட்டில், ஒரு தேக்கரண்டியால் செய்துவிட முடியும். அதை எப்படிச் செய்வது, எங்கே தவறுகள் நேர்கின்றன, எந்த நிலையில் தாமதமின்றி மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

சிறிய உடல், பெரிய இழப்பு

பிறந்த குழந்தையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான். ஒரு வயதிலும் ஐந்தில் மூன்று பங்குக்குக் குறையாது. அந்த நீரில் சிறிதளவு குறைந்தாலும் குழந்தையின் உடல் தடுமாறுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு வயதைக் கடந்த குழந்தையின் எடை 10 கிலோ என்று கொள்வோம். பேதியிலும் வாந்தியிலும் அரை லிட்டர் நீர் போய்விட்டால், அது உடல் எடையில் 5 விழுக்காடு. நீரிழப்பின் அறிகுறிகள் அப்போதே வெளிப்படத் தொடங்கும். ஒரு லிட்டர் போய்விட்டால் அது 10 விழுக்காடு. குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அதே ஒரு லிட்டரை 60 கிலோ எடையுள்ள தந்தை இழந்தால் களைப்புற்று ஒரு நாள் படுத்திருப்பார். "எனக்கும் நேற்று இப்படித்தான் போயிற்று, தானே சரியாகிவிட்டது" என்று பெரியவர்கள் தங்கள் அனுபவத்தைக் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இது வயிற்றுப்போக்குதானா என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராக மலம் போவதை வயிற்றுப்போக்கு என்கிறோம். ஆயினும் தாய்ப்பால் மட்டும் அருந்தும் கைக்குழந்தை நாளொன்றுக்கு எட்டு, பத்து முறைகூட மஞ்சளாகவும் இளகலாகவும் மலம் கழிக்கலாம். குழந்தை நன்றாகப் பால் குடித்து, சிறுநீர் கழித்து, எடை கூடிவந்தால் அது இயல்பானதே. அதற்கு மருந்து தேவையில்லை. வழக்கத்தைவிட எண்ணிக்கை திடீரெனக் கூடினாலோ, மலம் நீராகிவிட்டாலோதான் கவனிக்க வேண்டும்.

"ஊற்ற ஊற்றப் போகிறது" என்னும் அச்சம்

தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதனால் பாலை நிறுத்துகிறார்கள், சோற்றை நிறுத்துகிறார்கள், தண்ணீரையும் குறைக்கிறார்கள். ஒரு நாள் கழித்துப் பேதி குறைந்ததுபோலத் தோன்றுகிறது. உண்மையில் வெளியேற்றுவதற்கு உடலில் நீர் இல்லாமற்போனதே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். அந்த நிலையில்தான் கண்கள் குழிவிழுந்து, நா வறண்டு, அழுதால் கண்ணீர் வராத குழந்தையை எங்களிடம் கொண்டுவருகிறார்கள்.

பெரும்பாலான வயிற்றுப்போக்குகள் வைரஸ் கிருமிகளால் வருபவை. அவை சிறுகுடலின் உட்சுவரைப் பாதிக்கின்றன. அது புதுப்பித்துக்கொள்ளச் சில நாள்கள் ஆகும். மூன்று முதல் ஏழு நாள்களுக்குள் பேதி பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதுவரை குழந்தையின் உடலில் நீர் குறையாமல் காப்பதே மருத்துவத்தின் பெரும்பகுதி. ஆகவே, பேதியை நிறுத்தும் மருந்தைத் தேடி மருந்துக்கடைக்குச் செல்வதற்கு முன், இழந்த நீரை நிரப்பத் தொடங்குங்கள்.

இடையில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். உப்பு சர்க்கரைக் கரைசல் எனப்படும் ஓ.ஆர்.எஸ். பேதியை உடனே நிறுத்தாது. "இரண்டு டம்ளர் கொடுத்தோம், நிற்கவேயில்லை" என்று சிலர் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். அது பேதியை நிறுத்துவதற்காகக் கொடுக்கப்படுவதன்று. பேதி ஓயும்வரை குழந்தையைக் காப்பதற்காகக் கொடுக்கப்படுவது.

உப்போடு சர்க்கரை ஏன்?

வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்கலாம். பேதியில் நீர் மட்டுமின்றிச் சோடியம், பொட்டாசியம் முதலிய உப்புகளும் வெளியேறுகின்றன. வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் சோடியத்தின் அளவு தாழ்ந்துவிடலாம். உப்பை மட்டும் கரைத்துக் கொடுத்தாலும் பேதியால் பாதிக்கப்பட்ட குடல் அதைச் சரிவர உறிஞ்சுவதில்லை. ஆனால் சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளிழுக்கும் ஒரு வாயில் உண்டு. கடும் பேதியின்போதும் அந்த வாயில் பெருமளவு வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் வரும்போது அவை உள்ளே செல்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. 1960களில் தெளிவான இந்த உண்மையே ஓ.ஆர்.எஸ்.ஸின் அடிப்படை.

அதன் வல்லமையை உலகம் உணர்ந்தது 1971ஆம் ஆண்டில். வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தனர். எல்லை நகரான பொங்காவில் காலரா பரவியது. நரம்பின் வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலையில், குழந்தை மருத்துவரான திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைச் சேர்த்துப் பொட்டலங்களாக்கி, நீரில் கரைத்து வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. அவர் 2022இல் மறைந்தார். 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அந்த வரலாற்றில் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முகாமில் போதிய மருத்துவர்களும் செவிலியர்களும் இல்லை. கரைசலை நோயாளிகளுக்கு ஊட்டியவர்களுள் பெரும்பாலோர் அவர்களின் உறவினர்களே. மருத்துவப் பயிற்சி இல்லாத தாயும் தமக்கையும் அருகிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்தமையால்தான் அத்தனை உயிர்கள் பிழைத்தன.

கரைசலைச் சரியாகக் கலப்பது எப்படி?

கடைகளிலும் அரசு நிலையங்களிலும் கிடைக்கும் பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். சிறிய பொட்டலம் 200 மில்லி லிட்டருக்கு உரியது. எந்த அளவு தண்ணீருக்கு உரியது என்பது பொட்டலத்தின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

நாங்கள் மிகுதியாகக் காணும் தவறு இங்கேதான் நேர்கிறது. "குழந்தை ஒரு லிட்டரா குடிக்கப்போகிறது?" என்று எண்ணி, ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது உப்பின் செறிவு ஐந்து மடங்காகிறது. குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறி, மூளை பாதிக்கப்பட்டு, வலிப்பு வரக்கூடும். இதற்கு மாறாக, சுவை பிடிக்கவில்லை என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினால் கரைசல் பயனற்றுப்போகிறது. பொட்டலத்தில் சிறிது எடுத்துச் சிறிது தண்ணீரில் போடும் வழக்கமும் வேண்டாம். உப்பும் குளுக்கோஸும் பொட்டலத்துக்குள் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல இயலாது.

செய்ய வேண்டியது எளிது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். காய்ச்சி ஆறவைத்த நீரை ஒரு லிட்டர் அளந்து எடுங்கள். அளவுக் குவளை இல்லையேல் ஒரு லிட்டர் குடிநீர்ப் பாட்டிலைச் சுத்தம் செய்து அளவாகக் கொள்ளலாம். பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கரையுங்கள். சர்க்கரை, தேன், எலுமிச்சைச் சாறு எதையும் சேர்க்க வேண்டாம். கலந்தபின் சூடாக்கவும் வேண்டாம். மூடி வைத்து 24 மணி நேரம் வரை பயன்படுத்தலாம். எஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். கொட்டுவதை வீண் என்று எண்ண வேண்டாம். விலை குறைந்த மருந்து அது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.

பொட்டலம் கைக்கு எட்டாத இரவில், ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கரைத்துக் கொடுக்கலாம். தேக்கரண்டிகள் தலைதட்டிய அளவாக இருக்க வேண்டும். பொட்டலம் கிடைக்கும் வரைக்கும் மட்டுமே இது.

கடைகளில் அட்டைப்பெட்டிகளிலும் பாட்டில்களிலும் பழச்சுவையோடு விற்கப்பட்ட சில பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கியிருந்தன. அவற்றில் சர்க்கரை மிகுதி, உப்பு குறைவு. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை மேலும் பெருக்கும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்னும் சொல் இடம்பெறக் கூடாது என்று ஆணையிட்டது. கடையில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரிக்கப்பட்டது என்ற குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். குளிர்பானம், பெட்டியில் வரும் பழச்சாறு, வெறும் குளுக்கோஸ் மாவு ஆகிய எதுவும் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது.

எவ்வளவு, எப்படிக் கொடுப்பது?

நீரிழப்பின் அறிகுறி இல்லாத குழந்தைக்கு, ஒவ்வொரு முறை பேதியான பிறகும் பின்வரும் அளவில் கொடுங்கள். இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரை: 50 முதல் 100 மில்லி லிட்டர், அதாவது கால் டம்ளர் முதல் அரை டம்ளர். இரண்டு வயதுக்கு மேல்: 100 முதல் 200 மில்லி லிட்டர், அதாவது அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர். இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தாய்ப்பாலை நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுவந்துவிடுங்கள்.

பாட்டிலில் அடைத்து ஒரே மூச்சில் குடிக்க வைக்காதீர்கள்; வயிறு விரிந்து வாந்தி வரும். தேக்கரண்டி போதும். கைக்குழந்தைக்கு நம் வீட்டுப் பாலாடையே நல்ல கருவி. பால்புட்டியைவிடச் சுத்தம் செய்வதும் எளிது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு இரண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் மீண்டும் தொடங்குங்கள். ஒருமுறை வாந்தி எடுத்தால் கொடுத்தது முழுவதும் வீணாகிவிட்டது என்று பொருளன்று. அதற்குள் ஒரு பகுதி குடலுக்குள் சென்றிருக்கும்.

"இப்படித் துளித்துளியாகக் கொடுத்து என்ன ஆகப்போகிறது? குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள் டாக்டர்" என்று கேட்கும் பெற்றோருக்காக ஒரு கணக்கு. ஓரளவு நீரிழப்புள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 75 மில்லி லிட்டர் கரைசலை நான்கு மணி நேரத்தில் கொடுப்பது மருத்துவ நெறி. 8 கிலோ குழந்தைக்கு அது 600 மில்லி லிட்டர். ஒரு தேக்கரண்டி 5 மில்லி லிட்டர். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 150, நான்கு மணி நேரத்தில் சரியாக 600. ஊசிக்குழாயில் சொட்டுவதும் ஏறத்தாழ இதே வேகத்தில்தான். வேறுபாடு இவ்வளவே: இங்கே ஊசியின் வலி இல்லை, நரம்பைத் தேட வேண்டியதில்லை, குழந்தை தாயின் மடியிலேயே இருக்கிறது. குடிக்கவே இயலாத நிலையிலும், கடும் நீரிழப்பிலும், ஓயாத வாந்தியிலும் மட்டும் நரம்பின் வழியே திரவம் ஏற்றுகிறோம்.

ஆயினும், நான்கு மணி நேரம் தொடர்ந்து தேக்கரண்டி பிடிப்பது எளிய வேலையன்று என்பதை அறிவோம். இரவெல்லாம் கண்விழித்த தாயிடமே அதையும் ஒப்படைப்பது முறையன்று. தந்தை ஒரு மணி நேரம், பாட்டி ஒரு மணி நேரம், அத்தை ஒரு மணி நேரம் என்று பங்கிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பிரிவில் கரைசல் கொடுக்கும் பகுதியில் தந்தையரும் தேக்கரண்டியோடு அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பதில் அவர்கள் சளைத்தவர்களல்லர்.

ஜிங்க் மாத்திரையை மறவாதீர்கள்

ஓ.ஆர்.எஸ்.ஸோடு துத்தநாகச் சத்துள்ள ஜிங்க் மாத்திரையையும் 14 நாள்கள் கொடுக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் இதைப் பரிந்துரைக்கின்றன. நம் நாட்டு நெறிமுறைப்படி இரண்டு முதல் ஆறு மாதம் வரை நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை. ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதாவது ஒரு மாத்திரை. தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ ஒரு தேக்கரண்டியில் கரைத்துக் கொடுக்கலாம்.

பேதி நின்ற மூன்றாம் நாளே பலர் இம்மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு செய்யாதீர்கள். பேதியின் கடுமையையும் நாள்களையும் குறைப்பதோடு, அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் அது திரும்ப வரும் வாய்ப்பையும் ஜிங்க் குறைக்கிறது. 14 நாள்களும் முடித்தால்தான் அப்பயன் முழுமையாகக் கிட்டும்.

பேதியை நிறுத்தும் மாத்திரைகளைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அவை குடலின் இயக்கத்தை முடக்குகின்றன. வயிறு உப்பலும் மயக்கமும் வரக்கூடும். ஆன்டிபயாடிக் மருந்து பெரும்பாலான பேதிகளுக்குத் தேவையில்லை. மலத்தில் இரத்தம் வருதல், காலரா போன்ற சில நிலைகளில் மட்டும் மருத்துவர் முடிவு செய்வார். சென்ற முறை எழுதித்தந்த சீட்டைக் காட்டி அதே மருந்தை மீண்டும் வாங்காதீர்கள்.

உணவும் வீட்டு வைத்தியமும்

தாய்ப்பாலை எக்காரணத்தாலும் நிறுத்த வேண்டாம். வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். தாய் எதைச் சாப்பிட்டதால் குழந்தைக்குப் பேதி வந்தது என்று ஆராய்ந்து அவரைப் பட்டினி போடவும் வேண்டாம். உணவு உண்ணும் குழந்தைக்குக் குழைந்த சோறும் பருப்பும், இட்லி, தயிர்ச்சோறு, வாழைப்பழம், ஒரு துளி எண்ணெயோ நெய்யோ சேர்த்த கஞ்சி ஆகியவற்றைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்கலாம். உணவே குடல் சுவர் மீண்டும் வளர்வதற்கான பொருள். நலமான பிறகும் இரண்டு வாரம் நாளுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த எடை திரும்பும்.

நம் பாட்டிமார் பேதிக்கு உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் மோரும் கொடுத்தது அறிவுடைய செயல். கஞ்சியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக மாறி, உப்போடு சேர்ந்து நீரை உள்ளே இழுக்கிறது. அவர்களின் அந்த வழக்கத்தை நாங்கள் மனமார வரவேற்கிறோம். இளநீரும் நல்லதே. ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே இவை லேசான பேதியில் துணையாக இருக்கலாமே தவிர, நீரிழப்பு தொடங்கிய குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ்.ஸின் இடத்தை நிரப்ப இயலாது.

ஆனால் வேறு சில வழக்கங்கள் எங்களை அஞ்ச வைக்கின்றன. "உரம் விழுந்திருக்கிறது" என்று குழந்தையைச் சேலையில் இட்டு உருட்டுவதும், தொக்கம் எடுப்பவரிடம் கொண்டுபோவதும், "சீர் தட்டியிருக்கிறது" என்று மந்திரிக்கக் காத்திருப்பதும் இன்றும் தொடர்கின்றன. பேதியின்போது அழுது சோர்ந்த குழந்தையின் உடல் துவள்வதற்குக் காரணம் நீரிழப்பே. உருட்டுவதாலும் உலுக்குவதாலும் அது தீராது. சிறு குழந்தையின் மூளைக்கும் கழுத்துக்கும் ஊறு நேரலாம். எல்லாவற்றினும் பெரிய இழப்பு நேரம். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் அந்தப் பயணத்தின்போது குழந்தையின் வாயில் ஒரு தேக்கரண்டி நீர்கூடப் படுவதில்லை. வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கையை எதிர்த்துப் பேச முடியாத இளம் தாய்மாருக்கு நாங்கள் சொல்வது ஒன்றே: எங்கே சென்றாலும் கலந்த ஓ.ஆர்.எஸ். பாத்திரமும் தேக்கரண்டியும் உங்கள் கையில் இருக்கட்டும், கொடுப்பதை நிறுத்தாதீர்கள். பாட்டியிடமே அந்தத் தேக்கரண்டியைக் கொடுத்து, "நீங்கள் கொடுத்தால்தான் குடிப்பான்" என்று சொல்லிப் பாருங்கள். பல வீடுகளில் அதன் பிறகு பாட்டிதான் ஓ.ஆர்.எஸ்.ஸின் காவலர்.

பல் முளைப்பதால் பேதி வருகிறது என்பதும் பரவலான எண்ணம். பல் முளைக்கும் பருவத்தில் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. தவழ்ந்து தரையைத் தொடுகிறது. கிருமி நுழைவது அவ்வழியே. "பல் வந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம்.

நீரிழப்பை எப்படிக் கண்டறிவது?

பேதியுள்ள குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள். எரிச்சலோடு ஓயாமல் அழுகிறதா? கண்கள் குழிவிழுந்திருக்கின்றனவா? கைக்குழந்தையானால் உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா? தண்ணீரைக் கண்டதும் பாய்ந்து குடிக்கிறதா? தொப்புளுக்கும் இடுப்பின் பக்கவாட்டுக்கும் நடுவில் தோலை இரு விரல்களால் மெல்லக் கிள்ளி விடுங்கள். உடனே சமமாகாமல் மெதுவாகத் திரும்பினால் நீரிழப்பு தொடங்கிவிட்டது. இவற்றுள் இரண்டு இருந்தாலே குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

பாய்ந்து குடித்துக்கொண்டிருந்த குழந்தை குடிப்பதை நிறுத்திவிட்டு அமைதியாகப் படுத்துக்கொண்டால், "அப்பாடா, தூங்குகிறது" என்று நிம்மதி கொள்ளாதீர்கள். எழுப்பிப் பாருங்கள். விழித்துப் பார்த்து, குடித்து, அழுதால் நலம். எழுப்பியும் துவண்டு கிடந்தால், அது தூக்கமன்று, கடும் நீரிழப்பு.

பின்வரும் அறிகுறிகளுள் ஒன்றைக் கண்டாலும் இரவு பகல் பாராமல் வந்துவிடுங்கள். தேவையெனில் 108ஐ அழையுங்கள்:

குழந்தை குடிக்கவோ பால் உறிஞ்சவோ இயலாதிருத்தல்.
கொடுப்பது அனைத்தையும் வாந்தி எடுத்தல். வாந்தி பச்சை நிறத்தில் இருத்தல்.
அசந்து கிடத்தல், எழுப்பக் கடினமாக இருத்தல், வலிப்பு.
ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாதிருத்தல்.
கைகால்கள் சில்லிடுதல்.
மலத்தில் இரத்தம் காணுதல்.
வயிறு உப்புதல், அல்லது விட்டுவிட்டு வீறிட்டு அழுதல்.
கடும் காய்ச்சல்.

பேதி 14 நாள்களைக் கடந்தும் தொடர்ந்தால், குழந்தை நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும், பரிசோதனை தேவை.

வரும் வழியிலும், பேருந்திலானாலும் ஆட்டோவிலானாலும், குழந்தை விழித்திருந்து விழுங்க முடிகிறவரை கரைசலைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். அசந்து கிடக்கும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். வந்ததும் எங்களிடம் சொல்ல வேண்டியவை நான்கு: எத்தனை முறை பேதி, எத்தனை முறை வாந்தி, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், இதுவரை கொடுத்த நீரின் அளவும் மருந்துகளும். ஒரு தாளில் நேரத்தோடு குறித்து வந்தால் எங்கள் பணி பாதி முடிந்ததுபோல.

வராமல் காப்பது

ரோட்டா வைரஸ் என்பது சிறு குழந்தைகளுக்குக் கடும் பேதியை உண்டாக்கும் முதன்மைக் கிருமிகளுள் ஒன்று. புதுதில்லியில் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டறியப்பட்ட ஒரு ரோட்டா வைரஸிலிருந்து நம் நாட்டிலேயே ஒரு தடுப்பு மருந்து உருவாக்கப்பட்டது. அதன் ஆய்வு நடைபெற்ற மூன்று இடங்களுள் நம் வேலூரும் ஒன்று. 2016இல் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து சேர்க்கப்பட்டது; தமிழ்நாட்டில் 2017 முதல் கொடுக்கப்படுகிறது. பிறந்து 6, 10, 14 வாரங்களில் வாய்வழியாகக் கொடுக்கப்படும் இம்மருந்து அரசு நிலையங்களில் இலவசம். இது எல்லாப் பேதிகளையும் தடுக்காது. ஆனால் உயிருக்கு ஆபத்தான ரோட்டா பேதியின் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கும்.

மற்றவை நீங்கள் அறிந்தவையே. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தேனோ, சர்க்கரைத் தண்ணீரோ, கிரைப் வாட்டரோ வேண்டாம். குடிநீரைக் கொதிவந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆற்றுங்கள். மலம் கழுவிவிட்ட பிறகும், சமைக்கும் முன்பும், ஊட்டும் முன்பும் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். கைக்குழந்தையின் மலத்தில் தீங்கில்லை என்று எண்ணி வாசலில் வீசாதீர்கள். அதையும் கழிப்பறையில் கொட்டுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். காய்ச்சல் மருந்தும் தைலமும் இருக்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இரண்டு இருக்கின்றனவா? இல்லையென்றால், அடுத்த முறை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, எங்கள் மருந்தகத்துக்கோ வரும்போது வாங்கி வையுங்கள். பேதி பெரும்பாலும் நள்ளிரவில், கடைகள் மூடிய பிறகே தொடங்குகிறது. அந்நேரத்தில் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் அப்பொட்டலம் இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.